ஒன்றாம், இரண்டாம் வகுப்பில் போதைத் தடுப்பு: விழிப்புணர்வு உரையா, நன்னடத்தை விளையாட்டா?

நேரம்: உரை ஆண்டுக்கொரு முறை. நன்னடத்தை விளையாட்டு (Good Behavior Game: வகுப்பைக் குழுக்களாகப் பிரித்து, ஒழுங்காக நடக்கும் குழுக்களை வெற்றிபெறச் செய்வது) வாரம் 3 நாள், ஆரம்ப வாரங்களில் 10 நிமிடம், பாடம் நடக்கும்போதே.

செலவு: உரைக்குப் பேச்சாளர் வேண்டும். விளையாட்டுக்குச் சாக்பீஸ் போதும்: குழுவில் ஒருவர் வகுப்பு விதியை மீறினால் அந்தக் குழுவுக்குக் கரும்பலகையில் ஒரு கோடு, 4 கோட்டைத் தாண்டாத குழுக்கள் எல்லாமே வெற்றி.

சறுக்கல்: உரையில் போதைப்பொருள் படங்களைக் காட்டினால் ஆறு வயதுப் பிள்ளை மிரளும், அல்லது ஆர்வம் கொள்ளும். இரண்டுமே ஆபத்து. விளையாட்டில் துறுதுறுப்பானவர்களை ஒரே குழுவில் போட்டால் அந்தக் குழு தோற்றுக்கொண்டே இருக்கும், விரைவில் கைவிட்டுவிடும். கலந்து பிரியுங்கள்.

பலன்: அமெரிக்காவின் பால்டிமோர் நகரில் 1985-இல் தொடங்கிய ஆய்வில், முதல் வகுப்பில் இந்த விளையாட்டை ஆடிய முரட்டுச் சிறுவர்களுக்கு, ஆடாத முரட்டுச் சிறுவர்களைவிட, இளைஞரானபின் போதைச் சிக்கல் குறைவு. விளையாட்டில் போதை என்ற சொல்லே வராது!

தன்னடக்கம் வளர விளையாட்டு. ‘அம்மா அப்பா தராத மாத்திரையைத் தொடாதே’ என்ற ஒரு விதிக்கு மட்டும் உரை, அதுவும் வகுப்பாசிரியர் வாயால்.