காங்கேயமா, குன்னூரா, ஆரோவில்லா? பிள்ளைகளோடு போக ஒரு பண்ணை

சென்ற ஆண்டு தை, மாசி, ஆவணி என மூன்று தடவையாக மூன்று பண்ணைகளுக்குக் குடும்பத்தோடு போய்வந்தோம். முதலாவது, காங்கேயம் பக்கத்தில் ஒரு கொறங்காட்டுப் பண்ணை, அதாவது மேய்ச்சல் காட்டோடு சேர்ந்த பண்ணை. தோழியின் சித்தப்பா குடும்பம் மூன்று தலைமுறையாக மாடும் செம்மறியும் வளர்க்கும் இடம். இப்போது வாரக் கடைசியில் ஒரு குடும்பத்தை மட்டும் தங்கவைக்கிறார்கள். இரண்டாவது, ஆரோவில்லில் உள்ள சாலிட்யூட் பண்ணை. மூன்றாவது, குன்னூரில் சீஸ் செய்யும் ஏக்கர்ஸ் வைல்டு. திரும்பி வந்ததிலிருந்து தெரிந்தவர்கள் எல்லாரும் ஒரே கேள்வியைத்தான் கேட்கிறார்கள்: ஒன்றுக்குத்தான் போக முடியும் என்றால் எதற்குப் போகலாம்? எங்களுக்கு ஊர் திருச்சி, மகளுக்கு ஒன்பது வயது, மகனுக்கு ஐந்து. அந்தக் கணக்கை மனதில் வைத்துக்கொண்டு படியுங்கள்.

நான் எதிர்பார்த்தவை மூன்று. பிள்ளைகள் கால்நடையோடு பழக வேண்டும், நாலு செடியைப் பெயர் சொல்லி அடையாளம் காண வேண்டும், அந்த மண்ணில் விளைந்ததை அங்கேயே உட்கார்ந்து சாப்பிட வேண்டும். இதெல்லாம் கிடைக்கும் என்று நம்பி, அதற்கு முந்தைய வருடம் நெடுஞ்சாலை ஓரம் ஒரு பண்ணைக்குப் போயிருந்தோம். நுழைவுச்சீட்டு, முயல் கூண்டு, கம்பத்தில் கட்டிய ஒரு மாடு, பக்கத்தில் நின்று படம் எடுத்துக்கொள்ள வரிசை. மதியச் சாப்பாடு ஊரிலிருந்து வேனில் வந்து இறங்கியது. "இந்த மாடு பால் கறக்குமா?" என்று மகள் கேட்டாள். அங்கே வேலைக்கு நின்ற பையனுக்குத் தெரியவில்லை. நாம் வந்தாலும் வராவிட்டாலும் அன்றைய வேலை நடந்தாக வேண்டிய இடத்துக்குத்தான் இனிமேல் போவது என்று அன்றைக்கே முடிவு செய்தேன். இந்த மூன்றும் அப்படிப்பட்ட இடங்கள்தான்.

முதலில் கால்நடை. இதில் காங்கேயத்துக்குப் பக்கத்தில்கூட மற்ற இரண்டும் வர முடியாது. கொறங்காடு என்பது சும்மா விட்ட தரிசு இல்லை. முள் கிளுவையை நெருக்கமாக நட்டு உயிர்வேலி போட்டு, உள்ளே கொழுக்கட்டைப்புல்லை வளரவிட்டு, இடையிடையே வெள்வேல மரங்களை நிற்கவைத்த மேய்ச்சல் காடு. அதையும் பல துண்டுகளாக அடைத்து மாற்றி மாற்றி மேய்ப்பார்கள். புல் காய்ந்துபோகும் கோடையில் வெள்வேலங்காய் உதிர்ந்து செம்மறிக்குத் தீவனமாகும். மழை குறைந்த அந்தச் சீமையில் மாடு வளர்க்க முடிவதே இந்த ஏற்பாட்டால்தான். காங்கேயம் இனமும் அதற்கேற்ற மாடு. கன்று செவலையாகப் பிறந்து, ஆறு மாதம் போல ஆகும்போது நிறம் மாறிச் சாம்பல் நிறமாகும், அதைத்தான் மயிலை என்பார்கள். "இந்தச் செவலைக் கன்னுக்கு மயிலைப் பசுதான் அம்மாவா?" என்று மகள் நம்பாமல் இரண்டு தடவை கேட்டாள்.

காலை ஐந்தரைக்குப் பால் கறக்கும்போது நாங்கள் மாடு அடைக்கும் தொண்டுப்பட்டியில் இருந்தோம். முதலில் கன்றை அவிழ்த்துவிட்டார்கள். அது முட்டி முட்டிக் குடித்த பிறகுதான் பசு பாலை இறக்கியது. அப்புறம் கன்றைத் தாயின் முன்னங்கால் பக்கம் கட்டினார்கள். பசு அதை நக்கிக்கொண்டே நின்றது. என் மகன் பின்பக்கமாகப் போய் வாலைத் தொடப் பார்த்தான். வீட்டு ஆத்தா குரலை உயர்த்தாமலே சொன்னார்: "கண்ணு, பின்னாடி நிக்காத சாமி. முன்னால வந்து நில்லு, அது உன்னயப் பாக்கோணும்." முன்னால் வந்து நின்றான். பசு மூக்கை நீட்டி அவன் சட்டையை முகர்ந்தது. அவ்வளவுதான். அன்று முழுக்க அவன் அந்தப் பசுவின் பக்கத்தைவிட்டு நகரவில்லை.

கறந்தது சொம்புக்குச் சற்று மேல். ஒரு நாளைக்கு இரண்டு மூன்று லிட்டர்தான் தேறும் இந்த இனத்தில், அதிலும் கன்றுக்குப் பங்கு உண்டு. குன்னூரில் இருப்பவை சீமை மாடுகள், மலைக் குளிர் அவற்றுக்கு ஒத்துவருகிறது, கறவை பல மடங்கு. சீஸ் செய்யப் பால் வேண்டுமே, வேறு வழியில்லை. அங்கே பிள்ளைகள் மாடுகளைப் பார்க்கலாம், மேய்ச்சலில் கூடவே நடக்கலாம். ஆனால் கவனம் முழுக்கப் பாலின் மேல், மாட்டின் மேல் இல்லை. ஆரோவில்லுக்குக் கால்நடையை நினைத்துப் போகாதீர்கள். சாலிட்யூட் செடிகொடிகளின் இடம்.

நீலகிரி என்றதும் ஒன்று சொல்லியாக வேண்டும். அந்த மலைக்கென்று சொந்தமான பால் பண்பாடு அங்கே எருமை வளர்க்கும் பழங்குடியினரான தோடர்களுடையது. அவர்களுடைய எருமைப் பால் நல்ல கொழுப்புச் சத்து உள்ளது. பால்மனையே அவர்களுக்குக் கோயில். அங்கே பால் கறப்பதும் கடைவதும் ஆண்கள் செய்யும் சடங்கு. சீஸ் சாப்பிட மலையேறுகிறவர்கள் ஊட்டி பக்கத்துப் புல்வெளியில் அந்த எருமைகளையும் ஒரு தடவை நின்று பார்த்துவிட்டு வாருங்கள்.

சரி, மூலிகைக்கு வருவோம். இங்கேதான் எனக்கே ஆச்சரியம்.

மூலிகை என்றால் ஆரோவில்தான் ஜெயிக்கும் என்று நினைத்துக்கொண்டு போனேன். எண்ணிக்கையில் ஜெயிக்கவும் செய்தது. இங்கிலாந்திலிருந்து 1993-இல் வந்து இங்கேயே தங்கிவிட்ட கிருஷ்ணா மெக்கன்சி, ஆறு ஏக்கரில் ஜப்பானிய உழவர் ஃபுகுவோகாவின் இயற்கை வேளாண்மை வழியில் நடத்தும் இடம் அது. நல்ல தமிழ் பேசுவார். யூடியூபில் பலருக்கும் தெரிந்த முகம். அங்கே நடந்தால் எது களை, எது பயிர் என்றே பிரிக்க முடியாது. மூக்கிரட்டை, சங்குப்பூ, சுண்டைக்காய், பப்பாளி, வாழை எல்லாம் ஒன்றோடொன்று கலந்து கிடக்கும். எங்கள் வீட்டு மதில் ஓரம் நான் மாதாமாதம் பிடுங்கி எறிந்த மூக்கிரட்டை அங்கே கீரையாக மதிக்கப்படுவதைப் பார்த்த பிறகு பிடுங்குவதை நிறுத்திவிட்டேன். பெரியவர்களுக்கு அங்கே கற்றுக்கொள்ள நிறைய இருக்கிறது. பிள்ளைகளுக்கோ முப்பது செடியின் பெயரை ஒரே நடையில் கேட்டதும் அலுத்துவிட்டது.

குன்னூரில் ரோஸ்மேரி, தைம். இரண்டும் நீலகிரிக் குளிரில் நன்றாக வரும், இலையைக் கசக்கி முகர்ந்தால் கை மணக்கும். சமையலுக்கும் சீஸுக்கும் சேர்க்கலாம். அதோடு சரி.

காங்கேயத்தில் மூலிகைத் தோட்டம் என்று பலகை வைத்த இடமே இல்லை. வேலியில் பிரண்டை ஏறியிருந்தது. கிணற்றடியில் சோற்றுக்கற்றாழை. வழியெல்லாம் ஆவாரை. நாங்கள் போன அன்று ஒரு பசுவுக்கு மடி வீங்கியிருந்தது, மடிநோய். தோழியின் சித்தப்பா கிணற்றடிக்குப் போய்க் கற்றாழை மடல்களை வெட்டிவந்தார். கால் கிலோ கற்றாழை, 50 கிராம் மஞ்சள் தூள், 15 கிராம் சுண்ணாம்பு. கால்நடைப் பல்கலைக்கழகத்தில் பேராசிரியர் புண்ணியமூர்த்தி குழுவினர் முறைப்படுத்திப் பரப்பிய மருந்து இது. இன்று நாடு முழுக்கப் பால் பண்ணையாளர்கள் பயன்படுத்துகிறார்கள். மகளை அம்மியருகில் உட்காரவைத்து, சுண்ணாம்பைத் தூவச் சொன்னார். பச்சையும் மஞ்சளுமாக இருந்த விழுது அவள் கண்ணெதிரிலேயே செக்கச் சிவந்தது. "ஆரத்தி!" என்று கத்தினாள். ஆமாம், ஆரத்தித் தட்டில் மஞ்சளும் சுண்ணாம்பும் சேரும்போது சிவக்கிற அதே சங்கதிதான். மடியை முழுக்கக் கறந்துவிட்டு, கழுவி, அந்த விழுதில் கொஞ்சம் எடுத்துத் தண்ணீர் விட்டுக் கரைத்துத் தடவினார்கள். நாளைக்குப் பல தடவை, சில நாள் தொடர்ந்து தடவ வேண்டுமாம். ஊருக்குத் திரும்பியதும் அவள் பள்ளியில் எழுதிய கட்டுரை இந்த ஒரு மருந்தைப் பற்றித்தான். முப்பது செடி பார்த்த ஆரோவில்லிலிருந்து அவளுக்கு நினைவிருப்பது சங்குப்பூவின் நீலம் மட்டும்.

ஒரு செடியை ஏன் வளர்க்கிறார்கள், எந்த நேரத்தில் தேடிப்போகிறார்கள் என்று பார்க்கும்போது பிள்ளைகளுக்கு அது பதிகிறது. மூன்று பண்ணைகளையும் பார்த்துவிட்டு நான் சொல்ல விரும்புவது இதுதான். பண்ணையைத் தேர்ந்தெடுக்கும்போது என்னென்ன இருக்கிறது என்று கேட்காதீர்கள், அன்றைக்கு என்ன வேலை நடக்கிறது என்று கேளுங்கள்.

சாப்பாட்டில் ஒரே ஒரு வெற்றியாளரைச் சொல்ல எனக்கு மனம் வரவில்லை. செய்முறை கற்க வேண்டுமென்றால் குன்னூர்தான். திரைப்படத் துறையை விட்டு மலைக்குக் குடிவந்த மன்சூர் கானின் குடும்பம் நடத்தும் பண்ணை அது. தங்கும் குடில்களுக்கே சீஸ் பெயர்கள்தான். பாலைச் சூடாக்கி, உறைய வைத்து, கட்டியைக் கத்தியால் துண்டு துண்டாக வெட்டி, பிரிந்து வரும் நீரை வடித்து, அழுத்தி, மாதக்கணக்கில் முதிரவிடுகிறார்கள். கெட்டிச் சீஸ் ஒரு கிலோவுக்கு ஏறக்குறைய பத்து லிட்டர் பால் போகிறது. தயிரைத் துணியில் கட்டித் தொங்கவிட்டுப் பழகிய நமக்கு முதல் பாதி சுலபமாகப் புரியும். முதிர்ந்த சீஸின் உப்பும் காரலும் மகனுக்குப் பிடிக்கவில்லை, மகள் இரண்டாவது துண்டு கேட்டாள்.

தட்டு நிறைய வகை வேண்டுமென்றால் ஆரோவில். பண்ணையிலேயே உணவகம், அன்றைக்குத் தோட்டத்தில் என்ன கிடைத்ததோ அதுதான் சமையல். பச்சைப் பப்பாளித் துருவல் அவ்வளவு நன்றாக இருக்கும் என்று நான் எதிர்பார்க்கவில்லை.

காங்கேயத்தில் கிடைத்தது கம்மஞ்சோறு, கடைந்த மோர், கொள்ளுப் பருப்பு, அப்புறம் தலைக்கு ஒரு கரண்டி நெய். ஒரு கரண்டிதான். கணக்குப் போட்டுப் பாருங்கள்: ஒரு கிலோ நெய்க்கு 25 லிட்டருக்குக் குறையாமல் பால் வேண்டும், ஒரு பசு கொடுப்பதோ நாளைக்கு இரண்டு மூன்று லிட்டர். பல நாள் வெண்ணெயைச் சேர்த்து வைத்துத்தான் உருக்குகிறார்கள். நாங்கள் இருந்தபோதே ஆத்தா உருக்கினார். சடசடப்பு அடங்கி, அடியில் கசண்டு சிவக்கும் நேரத்தில் ஒரு கொத்து முருங்கை இலையைப் போட்டார். இலை நொறுங்கும் பதத்துக்கு வந்ததும் சட்டியை இறக்கி, அந்த இலையை எடுத்துப் பிள்ளைகள் கையில் ஆளுக்கொன்று கொடுத்தார். இருவரும் இன்னும் அதைப் பேசுகிறார்கள். அடியில் தங்கிய கசண்டில் நாட்டுச்சர்க்கரையும் சோறும் போட்டுப் பிசைந்தது எனக்குக் கிடைத்தது. மூன்று பண்ணைகளிலும் நான் சாப்பிட்டதில் அதுதான் முதல்.

ஒரு எச்சரிக்கை. கறந்த சூட்டில் பாலை அப்படியே குடிக்கச் சொல்லி யாராவது அன்போடு நீட்டினாலும், காய்ச்சித் தரச் சொல்லுங்கள். பச்சைப் பாலில் புருசெல்லோசிஸ் போன்ற நோய்கள் தொற்ற வாய்ப்பு உண்டு. மாட்டையோ ஆட்டையோ தொட்ட பிறகு, சாப்பிடும் முன்பு, பிள்ளைகளின் கையைச் சோப்புப் போட்டுக் கழுவிவிடுங்கள். வழியில் பார்க்கும் இலையை எல்லாம் வாயில் போட விடவும் கூடாது. கூடவருபவர் பறித்துக் கொடுத்தால் மட்டும்.

வசதி, செலவு, பயணம் பற்றிச் சுருக்கமாகச் சொல்கிறேன். வசதியில் குன்னூர் முதல், செலவிலும் அதுதான் முதல், தங்காமல் பயனில்லை. 2024 மே 7 முதல் நீலகிரிக்கு வாகனத்தில் போக இ-பாஸ் வேண்டும். சித்திரை, வைகாசிக் கூட்டத்தில் மாட்டிக்கொள்ளாதீர்கள். ஐப்பசி, கார்த்திகை மழையில் மலைப்பாதை மண்சரிவுக்குப் பேர்போனது, அப்போதும் வேண்டாம். ஆரோவில் ஒரு பகலில் முடிந்துவிடும், புதுச்சேரி போகிறவர்கள் கூடவே சேர்த்துக்கொள்ளலாம், மூன்றில் குறைந்த செலவு. காங்கேயம் எங்களுக்குக் கரூர், வெள்ளகோவில் வழியாக நேர் சாலை. அங்கே ஓட்டு வீட்டில் ஓர் அறை, குளியலறை வெளியே, கொசு உண்டு. முதியவர்களை அழைத்துப் போகிறவர்கள் இதை யோசித்துக்கொள்ளுங்கள்.

ஆக, பெரியவர்கள் மட்டும் போவதாக இருந்து, சமையலில் ஆர்வமும் இருந்தால் குன்னூர். வீட்டில் மாடித்தோட்டமோ நாலு சென்ட் இடமோ வைத்திருப்பவர்கள் ஆரோவில் போங்கள், திரும்பி வரும்போது தோட்டத்தைப் பார்க்கும் பார்வையே மாறியிருக்கும். பத்து வயதுக்குட்பட்ட பிள்ளைகள் இருந்தால் யோசிக்காமல் காங்கேயம். பண்ணை அமையாவிட்டாலும் பழையகோட்டையில் ஞாயிறுதோறும் கூடும் காங்கேயம் மாட்டுச்சந்தையை ஒரு காலைப்பொழுது பார்க்கலாம். குட்டப்பாளையத்தில் உள்ள சேனாபதி காங்கேயம் கால்நடை ஆராய்ச்சி மையம் இந்த இனத்தைக் காப்பாற்றப் பல ஆண்டுகளாக உழைத்துவருகிறது. அவர்களையும் முன்கூட்டியே தொடர்புகொண்டு பாருங்கள்.

பொங்கல் கழிந்து மாசிக்குள் போனால் கொறங்காட்டில் புல் இருக்கும், வெயிலும் தாங்கும். முன்பதிவு செய்யும்போது சாப்பாட்டையும் அறையையும் பற்றிக் கேட்கும் முன்பு, காலையில் எத்தனை மணிக்குப் பால் கறப்பீர்கள் என்று கேட்டுக்கொள்ளுங்கள். முந்தின நாள் இரவே போய்ச் சேர்ந்துவிடுவது நல்லது, கன்றை அவிழ்ப்பதற்குக் கால் மணி நேரம் முன்னால் பிள்ளைகளை எழுப்பிவிடலாம்.