பெயரைக் கேட்டு அச்சிடும் கடை: ஹட்டனில் ஒரு ‘ஹிரிஸ்தோ’

இலங்கை மலையகத்திலுள்ள ஹட்டன் ரயில் நிலையத்திலிருந்து நடந்தே போகக்கூடிய தூரத்தில், ஒரு புடவைக் கடையின் மேல்மாடியிலுள்ள ஒற்றை அறையில் இயங்கும் ஜேர்சி அச்சிடும் கடையைப் பற்றி எழுதுகிறேன். கடைக்காரர் தனியாளாக வேலை செய்பவர். இப்போது வரும் வேலைகளையே குறித்த நாளில் முடித்துக் கொடுக்கச் சிரமப்படுவதால் கடையின் பெயரைப் போட வேண்டாம் என்று கேட்டுக்கொண்டார். எங்கள் தோட்டத்து உதைபந்தாட்ட அணிக்காக 14 ஜேர்சிகளில் பெயரும் இலக்கமும் அச்சிட அவரிடம் கொடுத்தேன். அவற்றுள் 8ஆம் இலக்க ஜேர்சிக்குரிய பெயர் ‘ஹிரிஸ்தோ’. மற்றப் பதின்மூன்று பெயர்களையும் எந்தக் கடையிலும் செய்து தந்திருப்பார்கள். இந்தக் கடையின் தரத்தை நான் அறிந்துகொண்டது அந்த ஒரு பெயரால்தான்.

ஹிரிஸ்தோ என் அக்காவின் மகன். 1994ஆம் ஆண்டு உலகக் கிண்ண ஆட்டங்களை அத்தான், தோட்டத் தொழிலாளர் வரிசை வீடுகளான எங்கள் லயத்துக்கு மேலே குடியிருந்த தோட்ட உத்தியோகத்தர் ஒருவரின் வீட்டு வாசலில் நின்று பார்த்தவர். அதற்கு முன் ஐந்து உலகக் கிண்ணங்களில் 16 ஆட்டங்கள் ஆடி ஒன்றில்கூட வென்றிராத பல்கேரியா, அந்த ஆண்டும் முதல் ஆட்டத்தில் நைஜீரியாவிடம் 3-0 என்று தோற்றது. பிறகு கிரேக்கத்தை 4-0 என்றும் ஆர்ஜென்டீனாவை 2-0 என்றும் வென்று, மெக்சிகோவைப் பெனால்டியில் கடந்து, ஜூலை 10ஆம் திகதி நடப்புச் சாம்பியனான ஜேர்மனியின் முன்னால் வந்து நின்றது. ஜேர்மனி ஒரு பெனால்டியால் முந்திக்கொண்டிருந்த வேளையில், 75ஆவது நிமிடத்தில் ஹிரிஸ்தோ ஸ்தொய்ச்கோவ் இடது காலால் அடித்த ஃபிரீ கிக் மதிலாக நின்றவர்களின் தலைக்கு மேலால் வளைந்து வலைக்குள் விழுந்தது. அடுத்த மூன்று நிமிடங்களில் லெச்கோவ் தலையால் முட்டி இரண்டாவது கோலைப் போட்டார். அரையிறுதியில் இத்தாலியிடம் 2-1 என்று தோற்றபோதும் பல்கேரியாவின் ஒரே கோல் ஸ்தொய்ச்கோவுடையதுதான். ஆறு கோல்களுடன் ரஷ்யாவின் சலென்கோவோடு தங்கப் பாதணியைப் பகிர்ந்துகொண்ட அவருக்கே ஐரோப்பாவின் சிறந்த வீரருக்கான அவ்வாண்டின் பலோன் டோர் விருதும் கிடைத்தது. நவம்பரில் அக்காவுக்குப் பையன் பிறந்தபோது, அத்தான் வேறு பெயரைப் பற்றிப் பேச எவரையும் விடவில்லை.

ஆனால் அந்தப் பெயர் காகிதத்தில் ஏறிய ஒவ்வொரு முறையும் உருமாறியது. பிறப்புச் சான்றிதழில் ‘கிறிஸ்டோ’, பாடசாலைப் பதிவேட்டில் ‘கிரிஸ்ட்டோ’, அடையாள அட்டையில் ‘கிறிஷ்டோ’. மலையகத்தில் இது அவன் ஒருவனுக்கு மட்டும் நேர்ந்த துன்பமல்ல. தோட்டத்தில் ஒரு நாள் வேலையையே ‘பேர்’ என்று சொல்கிறோம். முழு நாளுக்கு ஒரு பேர், கொழுந்து குறைந்துபோனால் அரைப் பேர். தோட்டத்தின் வருகைப் பதிவேடான செக்ரோலில் பெயர் விழுந்தால்தான் கூலி. பெயரே கூலியாக இருந்த இடத்தில், அந்தப் பெயரின் எழுத்தை ஆளுக்கொரு விதமாகப் போட்டு வைத்தார்கள். ஓய்வுக்காலப் பணம் வாங்கப் போன என் தாயார், இரண்டு ஆவணங்களில் இரண்டு விதமாக எழுதப்பட்டிருந்த பெயர் தம் ஒருவருடையதுதான் என்று மெய்ப்பிக்க அலைந்த நாட்களை நான் மறக்கவில்லை. ஆகவே, பெயர் எழுதும் தொழிலில் இருப்பவர் எவராயினும் அவர் எழுத்துப் பிழைக்கு எவ்வளவு அஞ்சுகிறார் என்பதையே நான் முதலில் பார்க்கிறேன்.

இந்தக் கடைக்காரர் அஞ்சுகிறார். நான் நீட்டிய பட்டியலை வாங்கிக் கணினியில் அப்படியே தட்டாமல், ஓர் அப்பியாசக் கொப்பியை எடுத்து வைத்துக்கொண்டு, “சேர், பேரை வாயால சொல்லுங்க, நான் எழுதிக் காட்டுறேன்” என்றார். பதின்மூன்று பெயர்களும் விரைவாக முடிந்தன. பதினான்காவதைச் சொன்னதும் பேனாவை நிறுத்தி, “இது கிறிஸ்தவங்க பேரா?” என்று கேட்டார். ஒரு வகையில் அவர் கேட்டது சரிதான். அபிஷேகம் பண்ணப்பட்டவர் என்று பொருள்படும் ‘கிறிஸ்தோஸ்’ என்னும் கிரேக்கச் சொல்லிலிருந்துதான் பல்கேரியர்கள் இந்தப் பெயரை எடுத்துத் தம் ஆண் பிள்ளைகளுக்கு வைக்கிறார்கள். பெண் பிள்ளை என்றால் ஹிரிஸ்தினா. ஆனால் பல்கேரிய மொழியில் முதல் எழுத்து ‘க’ அல்ல, தொண்டையிலிருந்து மூச்சோடு வரும் ‘ஹ’. இறுதியிலுள்ளது ‘டோ’ அல்ல, நாக்கு பல்லைத் தொட்டு வரும் ‘தோ’. ஆங்கிலத்தின் வழியாக வந்ததால்தான் நம் பதிவேடுகளில் அது ‘டோ’ ஆயிற்று. தமிழில் ‘ட’வும் ‘த’வும் வெவ்வேறு எழுத்துகளாக இருக்கும்போது, சரியான ஒலியை எழுத முடிந்தும் எழுதாமல் விடுவது எனக்கு எப்போதும் வருத்தம் தருவது. கடைக்காரர் ‘கிறிஸ்டோ’ என்று எழுதி, அடித்து, ‘ஹ்ரிஸ்தோ’ என்று எழுதி, வாய்க்குள் சொல்லிப் பார்த்து, கடைசியில் ‘ஹிரிஸ்தோ’ என்று எழுதிக் காட்டினார். முப்பது ஆண்டுகளில் அந்தப் பெயர் முதல் முறையாகச் சரியாக எழுதப்பட்டதை நான் அந்தக் கொப்பியில் பார்த்தேன்.

எழுத்துகளை வெட்டும் இயந்திரம் ஓடிக்கொண்டிருந்தபோது, இந்தப் பெயரில் வேறு யார் இருக்கிறார்கள் என்று அவர் கேட்டார். அச்சுத் தொழிலில் இருப்பவர் என்பதால் முதலில் ஹிரிஸ்தோ தானோவைப் பற்றிச் சொன்னேன். 1828இல் பிறந்து 1911இல் மறைந்த தானோவ் ஆசிரியராக இருந்தவர். பல்கேரியாவில் ஒழுங்குமுறையான புத்தக வெளியீட்டுத் தொழிலைத் தொடங்கியவர் என்று அந்த நாடு அவரைக் கொண்டாடுகிறது. ஒட்டோமான் ஆட்சியின்கீழ் இருந்த மக்களுக்கு அவர்களுடைய மொழியிலேயே பாடப் புத்தகங்கள் கிடைக்க வேண்டும் என்று ப்ளொவ்திவ் நகரில் பதிப்பகம் வைத்து உழைத்தவர், பிற்காலத்தில் அந்த நகரின் மேயராகவும் இருந்தார். ஸ்தொய்ச்கோவ் 1966இல் பிறந்ததும் அதே ப்ளொவ்திவில்தான். தானோவின் பெயரால் அங்கே இன்றும் நூல்களுக்கு ஆண்டுதோறும் விருது வழங்குகிறார்கள் என்றதும், கடைக்காரர் அந்தப் பெயரையும் கொப்பியில் எழுதி வைத்துக்கொண்டார்.

ஹிரிஸ்தோ போத்தெவைப் பற்றிச் சொல்லத்தான் அதிக நேரம் ஆனது. 1848இல் கலோஃபெர் என்ற ஊரில் ஒரு பள்ளி ஆசிரியருக்குப் பிறந்தவர். தந்தையின் பெயர் போத்தியோ, அதிலிருந்தே போத்தெவ். பல்கேரியர்கள் தந்தையின் பெயரோடு ‘ஒவ்’ அல்லது ‘எவ்’ சேர்த்துப் பிள்ளையின் பெயருக்குப் பின்னால் வைக்கிறார்கள். நாம் தந்தையின் முதலெழுத்தைப் பெயருக்கு முன்னால் வைக்கிறோம். கவிஞரும் பத்திரிகையாளருமான போத்தெவ், 1876ஆம் ஆண்டு ஒட்டோமான் ஆட்சிக்கு எதிரான ஏப்ரல் எழுச்சி நசுக்கப்பட்டுக்கொண்டிருந்த வேளையில், ருமேனியாவிலிருந்து ஏறத்தாழ 200 பேரைத் திரட்டினார். அவர்கள் தோட்டக்காரர்களைப் போல உடுத்திக்கொண்டு, ஆயுதங்களைப் பெட்டிகளில் மறைத்து, தன்யூப் நதியில் சென்ற ‘ரதெட்ஸ்கி’ என்னும் நீராவிக் கப்பலில் துறைக்குத் துறை சிறு சிறு குழுக்களாக ஏறினார்கள். பிறகு கப்பலைத் தம் வசப்படுத்திப் பல்கேரியக் கரையில் கொஸ்லொதுய் அருகே இறங்கினார்கள். சில நாட்களுக்குள் வ்ரத்ஸாவுக்கு அருகிலுள்ள மலையில் போத்தெவ் சுடப்பட்டு இறந்தார். அப்போது அவருக்கு வயது 28. இன்றும் ஜூன் 2ஆம் திகதி நண்பகலில் பல்கேரியா முழுவதும் அபாயச் சங்கு ஒலிக்கிறது. வீதியில் போகிறவர்கள் போன இடத்திலேயே அசையாமல் நிற்கிறார்கள். பல்கேரியாவின் நடுவே ஓடும் ஸ்தாரா பிளானினா மலைத்தொடரின் மிக உயர்ந்த சிகரத்துக்கும் போத்தெவ் என்றே பெயர். உயரம் 2376 மீற்றர். நம் நாட்டின் மிக உயர்ந்த மலையான பிதுருதலாகலை 2524 மீற்றர். மலைச்சரிவில் வாழும் நமக்கு அந்தக் குளிரையும் மூடுபனியையும் எவரும் விளக்கிச் சொல்ல வேண்டியதில்லை.

மற்றவர்களைச் சுருக்கமாகச் சொன்னேன். காசநோயால் 1923இல் இளமையிலேயே இறந்த கவிஞர் ஹிரிஸ்தோ ஸ்மிர்னென்ஸ்கி; 1988இல் சியோல் ஒலிம்பிக்கில் முப்பாய்ச்சலில் 17.61 மீற்றர் பாய்ந்து தங்கம் வென்ற ஹிரிஸ்தோ மார்க்கோவ். 1935இல் கப்ரோவோவில் பிறந்து, மனைவி ஜான்-குளோடுடன் சேர்ந்து 1995இல் பெர்லினின் நாடாளுமன்றக் கட்டடத்தையே துணியால் போர்த்திய ஹிரிஸ்தோ யவாஷெவ். உலகம் இந்தக் கடைசி மனிதரைக் கிறிஸ்டோ என்ற ஒற்றைப் பெயரால்தான் அறிந்திருக்கிறது. அவருடைய பெயரும் வெளியுலகுக்கு வந்தபோது ‘ஹ’வை இழந்துவிட்டது.

ஜேர்சியின் உட்புறத்தில், கழுத்துப் பட்டிக்குக் கீழே, பல்கேரிய எழுத்திலும் பெயரைச் சிறிதாக அச்சிட்டுத் தர முடியுமா என்று மருமகன் கேட்டிருந்தான். பல்கேரியர்கள் எழுதுவது சிரில்லிக் எழுத்து. ஒன்பதாம் நூற்றாண்டின் இறுதியில் பல்கேரிய அரசில் உருவாகிப் பிறகு பிற நாடுகளுக்குப் பரவியது. ஆண்டுதோறும் மே 24ஆம் திகதியை அந்த எழுத்துக்குரிய நாளாகக் கொண்டாடுகிறார்கள். இந்தப் பெயருக்கு ஆறு எழுத்துகள். முதலாவது பெருக்கல் குறியைப் போன்றது, அதன் ஒலி ‘ஹ்’. இரண்டாவது ஆங்கிலத்தின் ‘பீ’யைப் போலத் தோன்றினாலும் ‘ர்’ என்று ஒலிக்கும். மூன்றாவது, ஆங்கிலத்தின் ‘என்’ எழுத்தைக் கண்ணாடியில் பார்த்ததுபோல இருக்கும், அதுதான் ‘இ’. கடைக்காரர் முதலில் வெட்டியதில் இந்த மூன்றாவது எழுத்தின் சாய்கோடு மறுபக்கம் திரும்பி, ‘என்’ ஆகவே வந்துவிட்டது. துணியில் ஒட்டும் முன்பே காகிதத்தில் வைத்துக் காட்டியதால் கண்டுகொண்டோம். அவர் மன்னிப்புக் கேட்டு, மேலதிகக் காசு வாங்காமல் புதிதாக வெட்டித் தந்தார். எதையும் ஒட்டுவதற்கு முன் காட்டி ஒப்புதல் வாங்குவது அவர் வழக்கம். அதற்காக வாடிக்கையாளர் இரண்டாம் முறையும் மாடியேறி வரத்தான் வேண்டும்.

வேலையின் உறுதியைப் பற்றிச் சொல்ல வேண்டும். எழுத்துகளை நிறமுள்ள வினைல் தாளில் இயந்திரம் வெட்டுகிறது. வேண்டாத பகுதியைக் கையால் உரித்தெடுத்து, மிஞ்சிய எழுத்தைச் சூட்டு அழுத்தியால் துணியோடு ஒட்டுகிறார்கள். இம்முறையில் தமிழுக்கென்று ஒரு தனிச் சிக்கல் உண்டு, அதுதான் மெய்யெழுத்தின் புள்ளி. எழுத்தோடு இணையாமல் தனியே நிற்கும் அந்தச் சிறு துண்டுதான் முதலில் உரியும். ‘ஸ்’ மீதுள்ள புள்ளி போனால் ஹிரிஸ்தோ ‘ஹிரிஸதோ’ ஆகிவிடுவான். இதை நான் சொல்லும் முன்பே கடைக்காரர் அறிந்திருந்தார். தடித்த எழுத்துரு ஒன்றைத் தேர்ந்து, புள்ளியைச் சற்றுப் பெரிதாக்கி, எழுத்தின் தலைக்கு நெருக்கமாக இறக்கி வைத்திருந்தார். பத்துத் துவைப்புக்கும் மேல் ஆன பிறகு மருமகனின் ஜேர்சியில் புள்ளி அப்படியே இருக்கிறது. வேறு இரண்டு ஜேர்சிகளில் புள்ளி எழும்பியது. மழைக்காலத்தில் ஈரத் துணியை அடுப்புக்கு மேல் கட்டிய கொடியில் காயப்போடுவது எங்கள் லயங்களில் வழக்கம். அந்தச் சூட்டில் பசை இளகிவிடுகிறது என்று அவர் விளக்கி, இரண்டையும் இலவசமாக மறுபடி அழுத்திக் கொடுத்தார். இந்த எச்சரிக்கையை ஜேர்சிகளைக் கொடுக்கும்போதே எழுதிக் கொடுத்திருக்கலாம். உட்புறத்தை வெளியே திருப்பி, குளிர்ந்த நீரில் கழுவி, காற்றில் உலர்த்தினால் எந்தக் குறையும் வரவில்லை.

குறைகளும் உண்டு. ஐந்து நாளில் தருவதாகச் சொன்னவர் ஒன்பதாம் நாள்தான் தந்தார், ஆட்டத்துக்கு முந்திய மாலை வரை பையன்கள் கலங்கிப்போயிருந்தார்கள். இலக்கங்களுக்கு ஒரே ஒரு வடிவம்தான் வைத்திருக்கிறார். இருவர் நின்றால் மூன்றாமவருக்கு இடமில்லை என்பதால் ஞாயிற்றுக்கிழமை, தோட்டங்களிலிருந்து சனம் நகருக்கு வரும் நேரத்தில், படிக்கட்டிலேயே காத்திருக்க நேரிடும். வார நாளில் காலையில் போவது நல்லது. துணி நம்முடையதாக இருந்தால் ஒரு ஜேர்சிக்குப் பெயரும் இலக்கமும் சேர்த்து 700 ரூபாய் வாங்கினார். கழுத்துப் பட்டிக்குக் கீழுள்ள சிறிய எழுத்துக்குத் தனியாக எதுவும் வாங்கவில்லை.

நத்தார் நாளான டிசம்பர் 25, பல்கேரியாவில் ஹிரிஸ்தோ என்ற பெயருடைய எல்லோருக்கும் பெயர் நாளாகும். அந்த நாளில் அத்தானுக்கு உடுத்திப் பார்க்க 8ஆம் இலக்கமிட்ட இன்னொரு ஜேர்சி வேண்டுமென்று மருமகன் கேட்டிருக்கிறான். டிசம்பரில் அந்த அறையில் வேலை குவிந்துவிடும் என்பதால் முன்பணத்தை இப்போதே கொடுத்துவிட்டேன். இம்முறை பெயரை நான் வாயால் சொல்ல வேண்டியிருக்கவில்லை. கடைக்காரர் கொப்பியைப் புரட்டி, அடித்தெழுதிய அந்தப் பக்கத்தை எடுத்துக் காட்டினார்.