தூக்கத்தில் ரத்த ஆக்சிஜன்: ஸ்மார்ட்வாட்ச்சுடன் ஆறு வாரங்கள்

குறட்டைக்கு நடுவே என் மூச்சு சில நொடிகள் நின்றுபோவதாக மனைவி சொன்ன பிறகுதான், ஓராண்டாகக் கையில் கட்டியிருந்த ஸ்மார்ட்வாட்ச்சில் தூக்கத்தின்போது ரத்த ஆக்சிஜனை அளக்கும் வசதியை முதன்முறையாக இயக்கினேன். மூன்றாம் நாள் காலையில் செயலியைத் திறந்தபோது, பின்னிரவு 2.40 மணிக்கு நேராக 83 சதவீதம் என்றிருந்தது. நலமாக உள்ளவருக்கு விழித்திருக்கும்போது 95 முதல் 100 வரை இருக்க வேண்டிய அளவு அது என்பதால், அன்று முழுவதும் எனக்கு வேலையே ஓடவில்லை.

அன்றிரவே, இரவு முழுவதும் பதிவுசெய்யும் விரல் ஆக்சிமீட்டர் ஒன்றை இரவல் வாங்கி, வாட்ச் கட்டாத கையில் மாட்டிக்கொண்டு படுத்தேன். வாட்ச் 84 காட்டிய அதே நிமிடத்தில் விரல் கருவி 96 காட்டியிருந்தது. காரணம் இடது மணிக்கட்டிலேயே தெரிந்தது: பட்டையின் தடம் ஆழமாகப் பதிந்து சிவந்திருந்தது. இடப்பக்கம் ஒருக்களித்து, கையைத் தலையணைக்கு அடியில் வைத்துத் தூங்குவது என் பழக்கம்.

இரண்டு கருவிகளும் சிவப்பு ஒளியையும் அகச்சிவப்பு ஒளியையும் கொண்டே ரத்தத்தை அளக்கின்றன. ஆனால் விரல் கருவியில் ஒளி சதையை ஊடுருவி மறுபக்கம் செல்கிறது. வாட்ச்சோ தோலுக்கடியிலிருந்து திரும்பிவரும் ஒளியை மட்டுமே நம்பியிருக்கிறது. கை நசுங்கினாலும், குளிர்ந்தாலும், பட்டை தளர்ந்தாலும், அந்த இடத்தில் பச்சை குத்தியிருந்தாலும் கணக்கு தவறிவிடும். கருநிறத் தோலில் ஆக்சிமீட்டர்கள் உண்மையைவிடக் கூடுதலாகக் காட்டக்கூடும் என்பது 2020-இல் வெளியான ஆய்வுக்குப் பிறகு பரவலாகப் பேசப்பட்டது. நம்மில் பலர் இதை மனத்தில் கொள்வது நல்லது.

வாட்ச்சை வலக்கைக்கு மாற்றி, மணிக்கட்டு எலும்பிலிருந்து இரண்டு விரற்கடை மேலே கட்டியதும் பொய்யான சரிவுகள் பெரும்பாலும் மறைந்துவிட்டன. ஆனால் என்னை உண்மையில் கவலைப்படுத்தியது அதன் பிறகு நடந்ததுதான். ஓர் இரவின் சராசரியை 95 என்று கணக்கிட்டு, பச்சை நிறத்தில் ‘இயல்பு’ என்று செயலி எழுதியிருந்தது. அதே இரவில் 4 மணிக்கும் 5 மணிக்கும் இடையே விரல் கருவியின் கோடு ரம்பப் பல்போல 96-க்கும் 89-க்கும் இடையே ஏறி இறங்கிக்கொண்டிருந்தது. மூச்சு பத்து நொடிக்கு மேல் நின்று, ஆக்சிஜன் சரிந்து, மூளை விழித்துக்கொண்டதும் மீண்டும் ஏறிவிடும் இந்தச் சுற்று ஒரு நிமிடத்துக்குள்ளேயே முடிந்துவிடக்கூடியது. சில நிமிடங்களுக்கு ஒருமுறை மட்டும் அளக்கும் என் வாட்ச்சின் கண்ணில் அது எப்படிப் படும்? இடைவிடாமல் அளக்கும்படி அமைத்தால் சார்ஜ் விடியும்வரை தாக்குப்பிடிப்பதில்லை.

இரண்டு வரைபடங்களையும் எடுத்துக்கொண்டு மருத்துவரிடம் சென்றேன். விரல் கருவியின் பதிவைப் பார்த்ததும் அவர் தூக்கப் பரிசோதனைக்கு எழுதிக்கொடுத்தார். மணிக்குச் சராசரியாக 18 முறை என் மூச்சு நிற்கவோ குறையவோ செய்தது என்று முடிவு வந்தது. 15 முதல் 30 வரை என்றால் நடுத்தர அளவு ஸ்லீப் அப்னியா, அதாவது தூக்கத்தில் மூச்சு அடிக்கடி தடைபடும் கோளாறு என்பது மருத்துவக் கணக்கு. பச்சை எழுத்தை மட்டும் நம்பியிருந்தால் நான் அங்கே போயிருக்கவே மாட்டேன்.

வாட்ச் ஏற்கெனவே கையில் இருந்தால் இந்த வசதியைத் தாராளமாக இயக்கலாம். ஓர் இரவின் ஒற்றை எண்ணை விட்டுவிட்டு, பல வாரங்களின் போக்கைப் பாருங்கள். இதற்காகவே புதிதாக வாங்குவதை நான் பரிந்துரைக்க மாட்டேன். குறட்டையும் பகல்நேரத் தூக்கக் கலக்கமும் உள்ளவர்கள், வாட்ச் என்ன சொன்னாலும் மருத்துவரைப் பார்த்துவிட வேண்டும். தயாரிப்பாளர்கள் செய்ய வேண்டியதும் ஒன்று உண்டு: சராசரியைப் பின்னுக்குத் தள்ளி, இரவின் மிகக் குறைந்த அளவையும், 90-க்குக் கீழே கழிந்த நிமிடங்களையும், எத்தனை அளவீடுகளிலிருந்து அந்தக் கணக்கு வந்தது என்பதையும் முதல் திரையிலேயே காட்ட வேண்டும்.