லாங்கு பஜார் சந்து பாய் கடை: பிரியாணிக்கு ஐந்து நட்சத்திரம்

வேலூர் லாங்கு பஜாருக்குப் பின்னால் ஒரு சந்தில் இருக்கிற சின்னக் கடை. பெயர்ப் பலகை கிடையாது, பாய் கடை என்று கேட்டால் கை காட்டுவார்கள். 12 வருஷமாகச் சாப்பிடுகிறேன். சீரகச் சம்பா, ஊறவைத்து அரைத்த காய்ந்த மிளகாய், விறகடுப்பு, மூடி மேல் தணல் போட்டு தம். மசாலா தொண்டையைப் பிடிக்காது, சாப்பிட்ட பிறகு தூக்கமும் வராது. தொட்டுக்கொள்ள இலவம்பாடி முள்ளுக் கத்தரிக்காய். அதற்குப் புவிசார் குறியீடு கிடைத்தது 2023-ல்தான், பாய் எப்போதிருந்தோ அதைத்தான் வாங்குகிறார். தயிர் பச்சடி மட்டும் தண்ணி, அதைச் சொல்லிச் சொல்லி எனக்கே அலுத்துவிட்டது.

இவ்வளவு பிடித்த கடைக்குப் போன மாதம் இரண்டு வாரம் நான் போகவில்லை. பிரியாணி அண்டாவில் ஒருத்தன் ஏதோ அசிங்கம் செய்கிற மாதிரி வாட்ஸ்அப்பில் ஒரு வீடியோ, 'நம்ம ஊர் பாய் கடைதான், உஷார்' என்று மேலே ஒரு வரி. யாரோ அனுப்பியிருந்தால் சிரித்துவிட்டு விட்டிருப்பேன், அனுப்பியது என் பெரியப்பா, ரிட்டயர்டு வாத்தியார், பொய்யே பேசாத மனுஷன். பலமுறை கைமாறியது என்று காட்டும் இரட்டை அம்புக்குறி இருந்தது, பின்னால் தெரிந்த பலகையில் ஒரு தமிழ் எழுத்துகூட இல்லை, இரண்டையும் நான் அப்புறம்தான் கவனித்தேன். அதற்குள் கூகுளில் ஒற்றை நட்சத்திரமாகக் குவிந்துவிட்டது. போட்டவர்களில் பாதிப் பேர் சோறு எப்படி இருந்தது என்று ஒரு வார்த்தை எழுதவில்லை.

2018 நவம்பரில் எழும்பூர் ரயில் நிலையத்தில் 2,000 கிலோ இறைச்சி பிடிபட்டபோது நாய்க்கறி என்று ஊரே பேசியது, கால்நடை மருத்துவக் கல்லூரி சோதித்து ஆட்டுக்கறிதான் என்றது. அந்த இரண்டாவது செய்தி என் அத்தை வீட்டுக்கு இன்னும் வந்து சேரவில்லை, சென்னைக்குப் போனால் இப்போதும் மட்டன் தொட மாட்டார்.

சரி, போன ஞாயிறு போனேன். மூன்று அண்டா இறங்குகிற கடையில் ஒன்றுதான் இருந்தது. "ஊர்ல இல்லையா தம்பி?" என்றார் பாய். ஆமாம் என்று சொல்லிவிட்டேன். கூட ஒரு பீஸ் வைத்தார், அது இறங்கவே இல்லை.

பக்கத்து மேசையில் சி.எம்.சி.க்கு வைத்தியத்துக்கு வந்த ஒரு வங்காளிக் குடும்பம். நம் தெரு வாட்ஸ்அப் குழு எதிலும் அவர்கள் இல்லை. நேராக அடுப்படிக்குப் போய் எட்டிப் பார்த்தார்கள், அண்டாவைத் திறக்கச் சொன்னார்கள், திருப்தியாகி நான்கு பிளேட் வாங்கிக்கொண்டார்கள். அடுப்படிக்குக் கதவே கிடையாது, யாரும் பார்க்கலாம். ஒரு மணிக்கு முன்னால் போங்கள், வெள்ளிக்கிழமை என்றால் தொழுகை முடிந்துதான் மூடியைத் திறப்பார்.