ஜாக்கெட்டா, விங்கா: முதல் பிசிடி வாங்கும் முன்

ஸ்கூபா டைவிங்கின் முதல் படியான ஓபன் வாட்டர் சான்றிதழ் வந்த கையோடு மாஸ்க், ஃபின், அடுத்து பிசிடி (காற்றை ஊதியும் விட்டும் மிதவையைக் கட்டுப்படுத்தும், சிலிண்டரைத் தாங்கும் அங்கி) என்று கடைக்குக் கிளம்புகிறவர்கள் ஏராளம். மாஸ்க்கும் ஃபினும் உடனே வாங்கலாம், தப்பில்லை. பிசிடியை மட்டும் தள்ளிப்போடுங்கள். வாடகை உருப்படியிலேயே பத்துப் பதினைந்து டைவ் போட்டு, எங்கே உறுத்துகிறது, எது கைக்கு எட்டவில்லை என்று தெரிந்துகொண்ட பிறகு வாங்கினால் பணம் வீணாகாது.

புதுச்சேரியிலோ அந்தமானின் ஹேவ்லாக்கிலோ பயிற்சி எடுத்தவர்களுக்கு மாட்டிவிட்டது பெரும்பாலும் ஜாக்கெட் வகையாகத்தான் இருக்கும். அதனால் பிசிடி என்றாலே ஜாக்கெட்தான் என்று மனதில் பதிந்துபோகிறது. போட்டியில் இருப்பவை மூன்று. ஜாக்கெட்டில் காற்றுப்பை முதுகில் தொடங்கி அக்குளுக்குக் கீழே விலா வரை சுற்றி வரும். பேக் இன்ஃப்ளேட் வகையும் அதேபோல் தைத்த அங்கிதான், ஆனால் காற்று முதுகுப்புறம் மட்டுமே நிற்கும். மூன்றாவது பேக்பிளேட்-விங்: ஒரு உலோகத் தகடு, அதில் கோத்த 5 செ.மீ. அகலப் பட்டை, தகட்டுக்கும் சிலிண்டருக்கும் நடுவில் தனியாக ஒரு காற்றுப்பை, அதுதான் விங். ஃப்ளோரிடாவின் நீர்க்குகைகளில் இறங்குகிறவர்களிடம் வளர்ந்த அமைப்பு இது. ‘டெக்னிகல் ஆட்களுக்கானது, நமக்கு எதற்கு’ என்று புதியவர்கள் ஒதுங்குவதும் அதனால்தான். ஒதுங்கத் தேவையில்லை.

மூன்றையும் ஒரே ஆளுக்கு மாட்டிப் பார்ப்போம்: 3 மி.மீ. தடிப்பு ரப்பர் நுரை உடையான வெட்சூட், 28 டிகிரிக் கடல், 11.1 லிட்டர் அலுமினிய சிலிண்டர், படகிலிருந்து குதித்து 18 மீட்டர் வரை. குளிர்நாட்டில் தண்ணீர் புகாத டிரைசூட் போடுகிறவருக்குக் கணக்கு வேறு.

நீர்மட்டத்தில் ஜெயிப்பது ஜாக்கெட். காற்று உடம்பைச் சுற்றி இருப்பதால் தலை நிமிர்ந்து, நாற்காலியில் சாய்ந்த மாதிரி மிதக்கலாம். படகு வரும்வரை பேசிக்கொண்டிருக்கலாம். மற்ற இரண்டிலும் காற்று முழுக்க முதுகில் இருக்கும், மூழ்குவதற்காகக் கட்டும் ஈயம் வயிற்றுப் பக்கம் தொங்கும். பையை முழுசாக ஊதினால் முகம் தண்ணீரை நோக்கித் தள்ளப்படும். இது அந்த வகைகளின் குறையைவிட, ஊதும் அளவில் செய்யும் தவறுதான். வாய் தண்ணீருக்கு மேலே இருக்கும் அளவுக்கு மட்டும் ஊதி, கால்களை முன்னால் நீட்டிப் பின்னால் சாய்ந்தால் போதும். ஜாக்கெட்டுக்கும் ஒரு தொல்லை உண்டு: முழுசாக ஊதினால் விலாவை இறுக்கும். நீந்தி மூச்சு வாங்கும் நேரத்தில் அந்த இறுக்கம் புதியவர்களைப் பதற வைக்கும். இடுப்புப் பட்டையைச் சற்றுத் தளர்த்தினால் சரியாகும். இன்னொன்றையும் நினைவில் வையுங்கள்: மூன்றில் எதுவும் லைஃப் ஜாக்கெட் இல்லை. மயங்கியவரின் முகத்தை மேல்நோக்கி வைத்திருக்கும் என்று எதையும் நம்பக்கூடாது.

தண்ணீருக்குள் போனதும் கதை மாறுகிறது. புதியவர்களில் பலர் தலை மேலே, கால் கீழே என்று சாய்வாக நீந்துவார்கள். ஈயம் முழுக்க இடுப்பில், காற்று நெஞ்சுயரத்தில் என்றால் உடம்பு அப்படித்தான் திரும்பும். சாய்வாக இருப்பவர் ஒவ்வொரு முறை ஃபினை உதைக்கும்போதும் தன்னையே மேலே தள்ளிக்கொள்கிறார். மேலே போகிறோமே என்று காற்றை விடுகிறார். உதைப்பதை நிறுத்தியதும் மூழ்குகிறார், மறுபடி ஊதுகிறார். டைவ் முழுக்க இந்த ஏற்ற இறக்கம்தான். சிலிண்டரும் சீக்கிரம் தீர்ந்துபோகும். ‘எனக்கு பூயன்சி (மிதவைக் கட்டுப்பாடு) வரவில்லை’ என்று புலம்புகிறவர்களில் பலருக்கு நிஜமான வியாதி இதுதான். மருந்து: இடுப்பிலிருந்து ஒன்றரை கிலோவை எடுத்து, சிலிண்டரைக் கட்டும் மேல் பட்டையில் கோத்துவிடுங்கள். இதை ஜாக்கெட்டிலும் செய்யலாம். ஆனால் ஸ்டீல் பேக்பிளேட்டில் எடை பிறக்கும்போதே முதுகில், நுரையீரலுக்குப் பின்னால் உட்கார்ந்துவிடுகிறது. விங் போட்டவர் அலட்டாமல் கிடைமட்டமாக நீந்துவதன் ரகசியம் இவ்வளவுதான்.

காற்றை வெளியேற்றுவதிலும் வித்தியாசம் உண்டு. காற்று எப்போதும் இருப்பதிலேயே உயரமான இடத்துக்குத்தான் ஓடும். அங்கே இருக்கும் வால்வைத் திறந்தால்தான் வெளியேறும். நிமிர்ந்து நின்றால், பையை ஊதவும் விடவும் உள்ள இன்ஃப்ளேட்டர் குழாயை உயர்த்தலாம், தோள் வால்வை இழுக்கலாம். குப்புறக் கிடந்தால் இடுப்புக்குப் பின்னால் உள்ள வால்வு. விங் வாங்கும்போது வளைய வடிவத்தையே கேளுங்கள். குதிரை லாட வடிவப் பையில் ஒரு பக்கம் காற்று சிக்கிக்கொண்டால் எதிர்ப்பக்கம் போய் வெளியேற வழியில்லை. உடம்பைத் திருப்பித்தான் விட வேண்டும்.

‘பை பெரிதாக இருந்தால் பாதுகாப்பு’ என்று கடையில் சொல்வார்கள். கணக்குப் போட்டுப் பாருங்கள். சிலிண்டரில் 200 பார் அழுத்தத்தில் நிரப்பிய காற்றின் எடை ஏறத்தாழ இரண்டரை கிலோ. 3 மி.மீ. சூட் ஆழத்தில் நசுங்கி இழக்கும் மிதவை அதிகபட்சம் 2 கிலோ என்று வைப்போம். ஆக, ஆழத்தில் பிசிடி தூக்க வேண்டியது நாலரை கிலோ. ஆள் இல்லாமல் செட் மட்டும் மேலே மிதக்கவேண்டும் என்பது இன்னொரு நிபந்தனை: தகடு, மூச்சுக் கருவியான ரெகுலேட்டர், நிறைந்த சிலிண்டர், செட்டில் கோத்த ஈயம் எல்லாம் சேர்ந்து தண்ணீருக்குள் 5, 6 கிலோ. 13 கிலோ தூக்கும் பை இதற்கெல்லாம் தாராளம். 20 கிலோ பை வாங்கினால் கூடுதலாகக் கிடைப்பது இழுவையும், மடிப்புகளில் சிக்கும் காற்றும்தான்.

ஈயக் கணக்கில்தான் பெரிய லாபம். ஜாக்கெட்டின் மெத்தை, பஞ்சு எல்லாம் தாமாகவே மிதக்கும். அதை அமுக்கவே ஒரு கிலோ ஈயம் தேவைப்படலாம். 2.7 கிலோ ஸ்டீல் தகட்டுக்கு மெத்தை கிடையாது, தண்ணீருக்குள்ளும் 2.3 கிலோ அளவுக்கு இழுக்கும். ஜாக்கெட்டில் 6 கிலோ போட்டவருக்கு இதில் 3 கிலோ அளவு போதும். ஆனால் ஒரு எச்சரிக்கை: தகட்டை ஆபத்தில் கழற்றி எறிய முடியாது. ரேஷ்கார்டு என்ற மெல்லிய சட்டை மட்டும் போட்டு இறங்கும் ஒல்லியானவர் அலுமினியத் தகடு வாங்கி, மீதியை இடுப்பு பெல்ட்டில் ஈயமாகவே வைத்துக்கொள்வது நல்லது. எந்த வகை வாங்கினாலும் எடையைப் புதிதாகச் சோதியுங்கள். டைவ் முடிவில், 50 பார் மிச்சம் இருக்கையில், 5 மீட்டரில் பையைக் காலி செய்துவிட்டு அசையாமல் நிற்க முடிய வேண்டும். அலுமினிய சிலிண்டர் காலியாகும்போது ஏறத்தாழ 2 கிலோ மிதவை காட்டும் என்பதால், டைவ் தொடக்கத்தில் பார்த்த சமநிலையை நம்ப முடியாது.

அளவு விஷயத்தில் ஜாக்கெட்டுக்குத்தான் கவனம் அதிகம் வேண்டும். வெட்சூட்டோடு போட்டுப் பாருங்கள். அதிகப்படி அழுத்தத்தை விடும் வால்வு சீறும் வரை ஊதி, ஆழமாக மூச்சு இழுங்கள். இழுக்க முடியாவிட்டால் அளவு சிறிது. தோளைப் பிடித்து மேலே தூக்கும்போது காதுவரை ஏறினால் அளவு பெரிது. கடலில் சிலிண்டர் முதுகில் உருளும். விங்கில் இந்தத் தலைவலி இல்லை, ஒரே பட்டையை ஆளுக்கேற்ப இழுத்துக்கொள்ளலாம், காலிடுக்குப் பட்டை செட்டை மேலே ஏறவிடாது. பதிலுக்கு முதல்முறை சரிசெய்ய ஒரு மணி நேரம் உட்கார வேண்டும். நான்கைந்து டைவ் போட்டுப் பார்க்காமல் மிச்சப் பட்டையை வெட்டிவிடாதீர்கள்.

பேக் இன்ஃப்ளேட் இரண்டுக்கும் நடுவில் நிற்கிறது. விங்கின் கிடைமட்டம் ஓரளவு கிடைக்கும், ஜாக்கெட்டின் பாக்கெட்டுகளும் இருக்கும். ஆனால் பை கிழிந்தால் ஜாக்கெட்டைப் போலவே தையலோடு மல்லுக்கட்ட வேண்டும். விங்கில் உள்பையை மட்டும் மாற்றிவிடலாம். அதிலும் ஒரு பலவீனம்: பை தகட்டின் விளிம்புக்கும் சிலிண்டருக்கும் நடுவில் மாட்டிக் கிள்ளுப்பட்டு ஓட்டையாகும். சிலிண்டரைக் கட்டும்போது பையை விரித்துவிட்டு இறுக்குங்கள். கட்டும் பட்டையை முதலில் நனையுங்கள். நைலான் ஈரத்தில் நெகிழும், காய்ந்த பட்டையை எவ்வளவு இறுக்கினாலும் தண்ணீரில் சிலிண்டர் வழுக்கும்.

விமானப் பெட்டியில் 15 கிலோதான் அனுமதி என்றால் ஸ்டீல் தகடு வேண்டாம். மெல்லிய பயண ஜாக்கெட்டோ அலுமினியத் தகடோ போதும். ஈயத்தை டைவ் கடையே தரும்.

எந்த வகையானாலும் அடிக்கடி கெட்டுப்போவது ஒரே இடத்தில்: இன்ஃப்ளேட்டர் பொத்தான். உப்பு காய்ந்து படிகமானால் பொத்தான் அழுந்தியபடியே நின்றுவிடும், பை தானாக ஊதிக்கொண்டே போகும். அந்த நேரத்தில் ஒரு கையால் வால்வைத் திறந்து காற்றை விட்டபடி, மறுகையால் காற்று ஹோஸின் கழுத்து வளையத்தைப் பின்னுக்கு இழுத்துக் கழற்ற வேண்டும். நீச்சல் குளத்திலேயே கண்ணை மூடிப் பழகுங்கள். ஒவ்வொரு நாள் டைவ் முடிந்ததும் வாய்ப்பகுதி வழியாக நல்ல தண்ணீரைப் பைக்குள் ஊற்றிக் குலுக்கி, தலைகீழாகப் பிடித்து வடித்துவிட்டு, பாதி ஊதிய நிலையில் நிழலில் தொங்கவிடுங்கள். வாங்கிய அன்று இரவு முழுசாக ஊதி வையுங்கள், காலையில் விறைப்பாகவே இருக்க வேண்டும்.

வருடத்துக்கு ஐந்தாறு டைவ் மட்டும் என்றால் வாடகை ஜாக்கெட்டே போதும், எதையும் வாங்காதீர்கள். அடிக்கடி இறங்குகிறவர் என்றால் எங்கள் ஓட்டு 13 கிலோ வளைய விங்குக்கு. அதில் பல செட்டுகளின் தோள் பட்டையில் பக்கிள் கிடையாது, இடுப்பில் ஒன்றுதான் இருக்கும். ஜாக்கெட்டிலேயே பழகிய துணை டைவர் அவசரத்தில் தோளில் பக்கிளைத் தேடிக்கொண்டிருப்பார். குதிக்கும் முன் இடுப்பு பக்கிளையும், பட்டையை வெட்டும் கத்தி செருகியிருக்கும் இடத்தையும் அவர் கையை வைத்துக் காட்டிவிடுங்கள்.