முருங்கைக்காய்ச் சக்கையும் டிஷ்வோஷரும்

கிளிநொச்சியில் கரடிப்போக்குச் சந்திக்குக் கிட்ட இருக்கிற எங்கள் வீட்டுக் குசினியில் எட்டு மாதமாக ஒரு டிஷ்வோஷர் ஓடுகிறது. வலது மணிக்கட்டு நோவுக்கு இனிச் சட்டி தேய்க்கக்கூடாது என்று டொக்டர் சொன்னதைக் கேட்டுக் கனடா அண்ணா காசு அனுப்பினார். 14 பேர் சாப்பிட்ட பாத்திரம் பிடிக்கும் என்று பெட்டியில் போட்டிருந்தது. அந்த 14 பேரும் எங்கள் ஊர்ச் சனம் இல்லை. இங்கே ஏழு பேர் மத்தியானம் சோறும் சொதியும் சாப்பிட்டாலே மெசினுக்குள் இருக்கிற இரண்டு தட்டும் நிரம்பிவிடும்.

விற்ற கடையைப் பற்றி முதலில் சொல்லிவிடுகிறேன். பூட்ட வந்த பொடியன் பைப்பைக் கொழுவிவிட்டுப் பத்து நிமிசத்தில் போய்விட்டான். அடுத்த நாள், தண்ணி வரவில்லை என்று லைட் மின்னியது. கடைக்கு எடுத்தால், மெசின் பிழை, கொழும்புக்கு அனுப்ப வேண்டும் என்றார்கள். புத்தகத்தைப் பார்த்தேன். குறைந்தது 0.4 பார் அழுத்தம் வேண்டுமாம். அதாவது தண்ணி 4 மீற்றர் உயரத்திலிருந்தாவது இறங்க வேண்டும். எங்கள் தாங்கி நிற்பது 3 மீற்றரில். சின்னப் பம்ப் ஒன்று வைத்ததும் சரியாகிவிட்டது. விற்கமுதல் தாங்கி எவ்வளவு உயரம் என்று ஒருவராவது கேட்டிருக்கலாம்.

மெசினில் குறையில்லை. ஆனால் அடுக்கத் தெரியாவிட்டால் அது வெறும் அலுமாரிதான். முதல் இரண்டு கிழமை நான் சாப்பாட்டுக் கோப்பைகளை ராக்கையில் வைப்பதுபோல நெருக்கி வைத்தேன். இடையில் சோற்றுப் பருக்கை காய்ந்து ஒட்டியபடியே வந்தது. உள்ளே சுழலும் கைகளிலிருந்து சீறும் தண்ணி பட்ட இடம் மட்டுந்தான் கழுவுப்படும். அதனால் கோப்பைக்குக் கோப்பை இடைவெளி விட்டு, அழுக்கு முகம் நடுவைப் பார்க்க நிறுத்த வேண்டும். கிண்ணமும் கிளாசும் கவிழ்த்து, கொஞ்சம் சரித்து. நிமிர்த்தி வைத்தால் அழுக்குத் தண்ணி அதற்குள்ளேயே நிற்கும். கதவைச் சாத்தமுதல் அந்தக் கைகளை விரலால் ஒருக்கால் சுழற்றிப் பாருங்கள். ஒருநாள் சோற்றுக் கரண்டியின் காம்பு கீழே நீட்டிக்கொண்டு நின்றதில் கை சுற்றவேயில்லை. மூன்று மணித்தியாலம் ஓடி, போட்ட அழுக்கு அப்படியே திரும்பி வந்தது.

கழுவிக் கழுவிப் போடத் தேவையில்லை, வழித்துக் கொட்டினால் போதும். ஆனால் எங்கள் சாப்பாட்டில் வழிப்பதைத்தான் ஒழுங்காக வழிக்க வேண்டும். முருங்கைக்காய்ச் சக்கை, மீன் முள்ளு, கறிவேப்பிலைக் காம்பு மூன்றும் அடியில் இருக்கும் வடிக்குள் போய்ச் சிக்கும். ஒரு வெள்ளிக்கிழமை வடியைத் திருகி எடுத்தால், தும்புக்கட்டைத் தலைபோல ஒரு உருண்டை. மணம் சொல்ல வேண்டாம். இப்போது ஞாயிறு தவறாமல் பழைய பல்துலக்கியால் தேய்க்கிறேன்.

மாமியின் அலுமினியச் சட்டியைப் போட்டது என் பிழை. மெசினுக்குப் போடும் சோப்பின் காரத்தில் அது கறுத்துப்போனது, மாமி ஒரு கிழமை பேசவில்லை. மண்சட்டி, சிரட்டை அகப்பை, நீத்துப்பெட்டி, துருவலை எல்லாம் கையால்தான். பிளாஸ்ரிக் என்றால் மேல்தட்டில் மட்டும்.

கத்தியின் கூர் கீழே பார்க்க வேண்டும். திறந்த கதவுக்கு மேலால் அண்ணாவின் சின்னவன் எட்டிப் பார்த்த அன்றிலிருந்து பெரிய கத்தியை நான் போடுவதேயில்லை. மெசினுக்குப் போடும் சோப்புக் குளிசையையும் பிள்ளைகளுக்கு எட்டாத உயரத்தில் வையுங்கள். மினுங்கும் தாளில் சுற்றியிருக்கிறது, இனிப்பு என்று நினைத்துவிடுவார்கள். வாய்க்குள் போனால் சுட்டுப் புண்ணாக்கும். கரண்டுக்கு எர்த் உள்ள தனி பிளக் எடுத்தோம். தண்ணி சூடாக்கும்போது 2000 வோட்ஸ் இழுக்கிற சாமானை நீட்டு வயரில் கொழுவக்கூடாது.

எங்கள் கிணற்றுத் தண்ணியில் கேத்தில் ஒரு மாதத்தில் வெள்ளைப் படை பிடிக்கும். மெசினுக்குள் தண்ணியின் கடினத்தன்மையைக் குறைக்க ஒரு பகுதி இருக்கிறது, அதற்கு உப்புப் போட வேண்டும். ஆனையிறவு உப்பளம் பக்கத்தில் இருக்க, இதற்கு மட்டும் கொழும்பிலிருந்து உப்பு வருகிறது! சமையல் உப்பைப் போட்டுப் பார்க்காதீர்கள், அதில் கலந்திருப்பவை அந்தப் பகுதியை அடைத்துவிடும். அந்தப் பகுதியின் அளவை ஆகக் கூடிய இலக்கத்தில் வைத்தும் கிளாசில் மெல்லிய புகைச்சல் இருக்கிறது. வினாகிரியால் துடைத்தால் போகும்.

ஆவணியில் கிணறு இறங்கியபோதுதான் இதன் அருமை தெரிந்தது. ஒரு தடவைக்கு 10 லீற்றர் அளவுதான், கையால் கழுவினால் நான் இரண்டு வாளிக்குக் குறையாமல் ஊற்றுவேன். குளிசை விலைதான் கடிக்கிறது. அதனால் இரவில் ஒருக்கால், நிரம்பினால் மட்டும் போடுகிறேன்.

ஐந்துக்கு நாலு நட்சத்திரம். கடைக்கு ஒன்றுமில்லை.