டிஷ், எல்.என்.பி., கேபிள், ரிசீவர்: காசை எதில் போடலாம்?

சாட்டிலைட் டி.வி. பார்க்க வீட்டில் டிஷ் வைக்கக் கிளம்புகிறவர்கள் பெரும்பாலும் ரிசீவரில், அதாவது டி.வி.யோடு இணைக்கும் பெட்டியில், தொடங்குவார்கள். எச்.டி. வருமா, யு.எஸ்.பி. இருக்கிறதா, ரெக்கார்டு ஆகுமா என்று துருவித் துருவிக் கேட்பார்கள். டிஷ்ஷையும், அதன் முன்னால் நின்று சிக்னலை வாங்கும் சின்னக் கருவியான எல்.என்.பி.யையும், கேபிளையும் கடைக்காரர் எடுத்துக் கொடுத்தபடியே வாங்கி வந்துவிடுவார்கள். மழையில் படம் கட்டம் கட்டமாக உடையும்போது பழி ரிசீவர் மேல் விழும். இந்த நான்கு சாமான்களில் குறைவாகத் தப்பு செய்வது அந்தப் பெட்டிதான்.

கடைக்குப் போகும் முன் கையில் ஒரு துண்டுச் சீட்டு வேண்டும். பார்க்க நினைக்கும் சேனல் எந்தச் சாட்டிலைட்டில், எந்த டிரான்ஸ்பாண்டரில் (சாட்டிலைட்டில் ஒரு அலைவரிசையில் சேனல்களை அனுப்பும் கருவி) இருக்கிறது என்று எழுதிக்கொள்ளுங்கள். உதாரணத்துக்கு இப்படி: 11,500 மெகாஹெர்ட்ஸ், ஹாரிசான்டல், சிம்பல் ரேட் 30,000, டி.வி.பி.-எஸ்2, 8பி.எஸ்.கே., எஃப்.இ.சி. 3/4. வரிசைப்படி இவை அலைவரிசை, அலை ஆடும் திசை, தகவல் வரும் வேகம், ஒளிபரப்பு முறை, சிக்னலில் தகவலை ஏற்றும் விதம், பிழை திருத்தும் ஏற்பாடு. இந்த ஒரு வரியே பாதி வேலையை முடித்துவிடும். 11,500 என்றால் கே.யு. பேண்ட், சின்ன டிஷ் போதும். 3,700-க்கும் 4,200-க்கும் இடையில் இருந்தால் சி பேண்ட், பெரிய டிஷ் வேண்டும். எஸ்2 என்றிருந்தால் பழைய எஸ் ரிசீவர் ஆகாது. கடைசியில் இருக்கும் 8பி.எஸ்.கே. 3/4-ஐத்தான் யாரும் கவனிப்பதில்லை. அது லாக் ஆகவே, அதாவது ரிசீவர் அதைப் பிடிக்கவே, சிக்னல் இரைச்சலைவிட (கூடவே கலந்து வரும் வேண்டாத அலை) சுமார் 8 டெசிபெல் (சிக்னல் பலத்தை ஒப்பிடும் அளவு) மேலே இருக்க வேண்டும். அதே எஸ்2-வில் க்யூ.பி.எஸ்.கே. 1/2 என்றால் 1 டெசிபெல்லே போதும். ஒரே டிஷ்ஷில் சில சேனல் அடைமழையிலும் அசையாமல் நிற்க, சில சேனல் வானம் கறுத்தவுடன் ஓடிப்போவது பெரும்பாலும் இதனால்தான்.

இனி டிஷ். அளவில் கஞ்சத்தனம் வேண்டாம். விட்டம் இரண்டு மடங்கானால் சிக்னல் 6 டெசிபெல் கூடும். 60 செ.மீ.யிலிருந்து 90 செ.மீ.க்குப் போனால் 3.5 டெசிபெல். எவ்வளவு நல்ல எல்.என்.பி. மாற்றினாலும் இந்த லாபம் கிடைக்காது. இன்னொரு லாபமும் உண்டு. கே.யு. பேண்டில் 60 செ.மீ. டிஷ்ஷின் பார்வை சுமார் 3 டிகிரி அகலம். பக்கத்துச் சாட்டிலைட் 2 அல்லது 3 டிகிரி தள்ளி நின்றால் அதன் சிக்னலும் கொஞ்சம் உள்ளே வந்து இரைச்சலாகச் சேரும். 90 செ.மீ. டிஷ்ஷின் பார்வை 2 டிகிரிக்குள் சுருங்கிவிடும். அதற்கு ஏற்றபடி திருப்பி நிறுத்துவதும் கடினமாகும், மெலிந்த கம்பத்தில் காற்று ஆட்டினால் உடனே தெரியும். ஆகவே டிஷ்ஷைப் பெரிதாக்கினால் கம்பத்தையும் தடிமனாக்குங்கள்.

அட்டைப்பெட்டியில் போட்ட அளவை அப்படியே நம்பாமல் டேப் வைத்து அளந்து பாருங்கள். ஆஃப்செட் டிஷ், அதாவது எல்.என்.பி. நடுவில் இல்லாமல் கீழே தள்ளி நிற்கும் வகை, வட்டம் அல்ல, உயரம் அகலத்தைவிடச் சற்று அதிகம். கணக்கில் வருவது அகலம்தான். உயரத்தைச் சொல்லி விற்கிறவர்களும் இருக்கிறார்கள். அடுத்தது கோணல். டிஷ்ஷின் விளிம்பிலிருந்து விளிம்புக்கு ஒரு நூலை இறுக்கிக் கட்டுங்கள், அதற்குக் குறுக்காக இன்னொன்று. நடுவில் இரண்டும் உரசிக்கொண்டிருந்தால் விளிம்பு சமம். இடைவெளி விட்டாலோ ஒன்றை ஒன்று அழுத்தினாலோ டிஷ் வளைந்திருக்கிறது. கே.யு. பேண்டில் அலையின் நீளமே இரண்டரை செ.மீ.தான். அதனால் பரப்பில் ஒன்றிரண்டு மில்லிமீட்டர் நெளிவுகூட கணக்கைக் கெடுக்கும். சி பேண்டில் அலை 7.5 செ.மீ., கொஞ்சம் பொறுத்துக்கொள்ளும். கம்பிவலை டிஷ் சி பேண்டுக்கு நன்றாக வேலை செய்து, கே.யு.வில் சொதப்புவதும் இதே காரணத்தால். இரும்பா அலுமினியமா என்பது சிக்னலுக்கு ஒன்றுதான். துருப்பிடிப்பதில்தான் வித்தியாசம். கடற்கரை என்றால் அலுமினியத்துக்குக் கூடுதலாகக் கொடுப்பது வீணாகாது.

ஆஃப்செட் டிஷ்ஷை முதல்முறை பார்ப்பவருக்கு அது எங்கோ நேர்முன்னே பார்ப்பதுபோல் இருக்கும். அதன் வடிவத்திலேயே இருபத்து சொச்சம் டிகிரி சாய்வு ஒளிந்திருக்கிறது. அந்தச் சாய்வு 24 டிகிரி என்று வையுங்கள். சாட்டிலைட் 30 டிகிரி உயரத்தில் இருந்தால் டிஷ்ஷின் முகம் 6 டிகிரி மட்டுமே மல்லாந்திருக்கும். இது தெரியாமல் வானத்தைப் பார்த்து மல்லாத்திவிட்டு சிக்னல் வரவில்லை என்று அலைவதுண்டு. பூமத்தியரேகைக்குப் பக்கத்தில் சாட்டிலைட் 60, 65 டிகிரியில் நிற்கும். அங்கே டிஷ் நன்றாகவே சாயும். அடியில் தண்ணீர் தேங்காத வடிவமா என்று பார்த்து வாங்குங்கள்.

சி பேண்டுக்கான வட்ட டிஷ்ஷில், அதாவது எல்.என்.பி. நேர் நடுவில் நிற்கும் பிரைம் ஃபோகஸில், எல்.என்.பி. எவ்வளவு தூரத்தில் நிற்க வேண்டும் என்பதைக் கால் கம்பியின் நீளத்தை நம்பி விடக்கூடாது. விட்டத்தின் வர்க்கத்தை, ஆழத்தின் 16 மடங்கால் வகுத்தால் குவியத் தூரம். 180 செ.மீ. விட்டமும் 30 செ.மீ. ஆழமும் என்றால் 32,400-ஐ 480-ஆல் வகுக்க, 67.5 செ.மீ. இதை விட்டத்தால் வகுத்தால் 0.375. சி பேண்டு எல்.என்.பி.யின் கழுத்தில் 0.34, 0.36, 0.38 என்று கோடுகள் இருக்கும். வளையத்தை 0.38-க்குப் பக்கத்தில் நிறுத்தி இறுக்க வேண்டும். ஆஃப்செட் டிஷ்ஷுக்கான எல்.என்.பி.யைப் பிரைம் ஃபோகஸில் மாட்டினால் டிஷ்ஷின் நடுப்பகுதியை மட்டுமே அது பார்க்கும். பெரிய டிஷ் வாங்கி சின்ன டிஷ்ஷாகப் பயன்படுத்துவதற்குச் சமம்.

எல்.என்.பி. வாங்கும்போது பெரிய எழுத்தில் கண்ணில் படுவது நாய்ஸ் ஃபிகர் (எல்.என்.பி. தானே சேர்க்கும் இரைச்சல்), 0.1 டெசிபெல் என்று. மலிவான சரக்கில் அந்த எண்ணை நம்ப வேண்டியதில்லை. நிஜமாகவே 0.1 ஆக இருந்தாலும் 0.3-லிருந்து மாறுவதால் கிடைப்பது தெளிந்த வானத்தில் ஒரு டெசிபெல் அளவு. மழை நாளில் மழையே இரைச்சலைக் கொட்டுவதால் அந்த லாபமும் கரைந்துவிடும். அதைவிட முக்கியம் லோக்கல் ஆஸிலேட்டர் அலைவரிசை (சேனலின் அலைவரிசையைக் குறைத்து அனுப்ப எல்.என்.பி. உள்ளே உண்டாக்கும் அலையின் எண்), அது எவ்வளவு ஆடாமல் நிற்கிறது என்பது. யுனிவர்சல் எல்.என்.பி. என்றால் 9,750, 10,600 என்று இரண்டு எண்கள். 11,700-க்குக் கீழே முதலாவது, மேலே இரண்டாவது. ரிசீவர் 22 கிலோஹெர்ட்ஸ் டோன் அனுப்பி மாற்றிவிடும். ரிசீவருக்கு வந்து சேருவது சேனலின் அலைவரிசைக்கும் இந்த எண்ணுக்கும் உள்ள வித்தியாசம். 11,500-லிருந்து 9,750-ஐக் கழித்தால் 1,750. ரிசீவர் வாங்கும் எல்லை 950 முதல் 2,150 வரை, ஆகவே சரி. அதே சேனலுக்கு 10,600 நிலையாக உள்ள எல்.என்.பி.யை மாட்டினால் 900 வரும். எல்லைக்கு வெளியே. எல்.என்.பி.யில் பழுதே இல்லாமல் படம் வராது. சி பேண்டில் கணக்கு தலைகீழ்: 5,150-லிருந்து சேனல் எண்ணைக் கழிக்க வேண்டும். மெனுவில் எல்.என்.பி. வகையைத் தவறாகத் தேர்ந்தெடுத்துவிட்டு டிஷ்ஷை இரண்டு மணி நேரம் ஆட்டுவதுதான் இந்த வேலையில் மிகச் சாதாரணமான வீண்பாடு.

சிம்பல் ரேட் குறைந்த சேனல்கள், அதாவது 3,000, 4,000 அளவில் உள்ளவை, வேண்டும் என்றால் பி.எல்.எல். வகை எல்.என்.பி.க்குக் கொஞ்சம் கூடக் கொடுக்கலாம். சாதாரண வகை வெயில் ஏறும்போது அலைவரிசையில் நகரும். மெலிந்த சேனல் அதில் தப்பிப் போய்விடும். இரண்டு மூன்று டி.வி. வீடுகளில் குவாட், குவாட்ரோ குழப்பம் வரும். இரண்டுக்கும் நான்கு வாய்கள்தான். குவாடிலிருந்து நேராக நான்கு ரிசீவருக்கு இழுக்கலாம். குவாட்ரோ மல்டிஸ்விட்ச் (சிக்னலைப் பல ரிசீவர்களுக்குப் பிரித்துத் தரும் பெட்டி) இல்லாமல் உதவாது. சில சாட்டிலைட்டுகள் சிக்னலை வட்டப் போலரைசேஷனில், அதாவது அலை சுழன்றபடி வரும் முறையில், அனுப்பும். சாதாரண எல்.என்.பி. அதில் 3 டெசிபெல், சரியாகப் பாதி, விட்டுவிடும். சி பேண்டில் கழுத்துக்குள் ஒரு டெஃப்லான் தகட்டை 45 டிகிரி சாய்வாகச் செருகினால் தீரும். சி பேண்டில் இப்போது புதிய தலைவலி 5ஜி. பல நாடுகளில் 3,300-லிருந்து மேலே அந்த அலைகள் ஓடுகின்றன. பக்கத்தில் கோபுரம் இருந்தால் எல்.என்.பி. திணறி எல்லாச் சேனலும் ஒன்றாகப் போகும். வாங்கும்போதே 3,700 முதல் 4,200 வரை மட்டும் விடும் ஃபில்டர் உள்ளதாகக் கேளுங்கள்.

கேபிளில்தான் பலரும் ஏமாறுகிறார்கள். ஆர்.ஜி.6 என்று எழுதியிருப்பது தடிமனை மட்டுமே சொல்லும். நடுக்கம்பி முழுச் செம்பா, செம்பு பூசிய இரும்பா? ஒரு காந்தத்தை வைத்துப் பாருங்கள், ஒட்டினால் இரும்பு. சிக்னல் கம்பியின் மேல்தோலில்தான் ஓடும். ஆகவே 10 மீட்டருக்குள் இரண்டுக்கும் பெரிய வித்தியாசம் இல்லை, இரும்புக்கம்பியே போதும். ஆனால் எல்.என்.பி.க்குப் போகும் மின்சாரம் உள்ளே முழுவதும் ஓட வேண்டும். 100 மீட்டருக்குச் செம்பில் தடை சுமார் 2 ஓம், இரும்பில் சுமார் 10. ஹாரிசான்டலுக்கு 18 வோல்ட், வெர்டிகலுக்கு 13 வோல்ட் என்பது ரிசீவர் எல்.என்.பி.க்குச் சொல்லும் உத்தரவு. நீளமான இரும்புக் கேபிளில், டிஷ்ஷைத் திருப்பும் மோட்டாரும் சாட்டிலைட் மாற்றும் ஸ்விட்சும் சேர்ந்து இழுத்தால் 18 வழியிலேயே கரையும். 15-ஐ நெருங்கினால் எல்.என்.பி. அதை 13 என்றே எடுத்துக்கொள்ளும். வெர்டிகல் சேனல் எல்லாம் ஜோராக வர, ஹாரிசான்டல் ஒன்றுகூட வராது. எல்.என்.பி.யை மாற்றும் முன் அதன் வாயில் மல்டிமீட்டர் வைத்து வோல்டேஜைப் பாருங்கள். சிக்னல் இழப்பும் உண்டு: 2,150 மெகாஹெர்ட்ஸில் 100 மீட்டருக்கு 30 டெசிபெல் ஒட்டி. 30 மீட்டர் வரை கவலையில்லை, 50-ஐத் தாண்டினால் சிக்னலைத் தூக்கிவிடும் லைன் ஆம்ப்ளிஃபையர் பற்றி யோசிக்கலாம். அதை எல்.என்.பி. பக்கத்தில் போட வேண்டும், ரிசீவர் பக்கத்தில் அல்ல.

கேபிள் முனையில் மாட்டும் எஃப் கனெக்டரில் திருகி ஏற்றும் வகையை வெளியில் போடாதீர்கள். கம்ப்ரெஷன் வகையும் அதற்கான கருவியும் ஒருமுறைச் செலவு. வெள்ளை நுரை கனெக்டரின் உள்தளத்தோடு சமமாக நிற்க, நடுக்கம்பி விளிம்பைத் தாண்டி 2, 3 மி.மீ. நீட்டியிருக்க வேண்டும். கேபிளின் வெளிக்கம்பிப் பின்னலிலிருந்து ஒரே ஒரு மயிரிழை நடுக்கம்பியைத் தொட்டாலும் ஷார்ட். ரிசீவர் எல்.என்.பி. ஷார்ட் என்று காட்டுவது பெரும்பாலும் இந்த இழையைத்தான். எல்.என்.பி.க்குக் கீழே கேபிளை ஒரு வளையம் தொங்கவிட்டுக் கட்டுங்கள், மழைநீர் அங்கேயே சொட்டிவிடும். நீர் பின்னலுக்குள் ஏறினால் கேபிளைத் துடைத்துக் காப்பாற்ற முடியாது, மாற்றத்தான் வேண்டும்.

ரிசீவருக்கு வருவோம், சுருக்கமாக. எஸ்2, எச்.இ.வி.சி. (வீடியோவைச் சுருக்கும் முறை), பிளைண்ட் ஸ்கேன் (எண் கொடுக்காமலே சேனல் தேடும் வசதி) மூன்றும் இருந்தால் போதும். சீட்டில் மல்டிஸ்ட்ரீம் என்றோ எஸ்2எக்ஸ் என்றோ இருந்தால் மட்டும் அவற்றுக்குக் கூடுதல் காசு. கட்டணச் சேனல் நிறுவனம் தரும் பெட்டியை இலவசச் சேனலுக்கும் ஓட்டிக்கொள்ளலாம் என்ற கணக்கு பலமுறை பொய்க்கும், அவற்றில் பல வேறு சாட்டிலைட்டைத் தேடவே விடாது. இரண்டு சாட்டிலைட் பார்க்க டைசெக் 1.0 ஸ்விட்ச் போதும், நான்கு வாய் உண்டு. பழைய 22 கிலோஹெர்ட்ஸ் ஸ்விட்சை யுனிவர்சல் எல்.என்.பி.யோடு சேர்க்காதீர்கள். பேண்டு மாற்ற அனுப்பும் டோனை அது சாட்டிலைட் மாற்றச் சொல்வதாக எடுத்துக்கொள்ளும்.

டிஷ்ஷைத் திருப்பி நிறுத்தும்போது திரையில் இரண்டு கோடுகள் தெரியும். ஸ்ட்ரென்த் என்பது எல்.என்.பி. உயிரோடு இருக்கிறது என்ற செய்திதான். டிஷ் சுவரைப் பார்த்தாலும் 70, 80 காட்டும். பார்க்க வேண்டியது குவாலிட்டி, டெசிபெல்லில் காட்டும் ரிசீவர் என்றால் இன்னும் நல்லது. கம்பம் ரசமட்டத்தில் நேராக இல்லாவிட்டால் உயரக் கோணத்தின் எண் பொய் சொல்லும், முதலில் அதைச் சரிசெய்யுங்கள். காம்பஸை இரும்புக் கம்பத்தை விட்டு நாலடி தள்ளி நின்று பாருங்கள். சிக்னல் கிடைத்ததும் இடப்பக்கம் குவாலிட்டி விழும் இடத்தையும் வலப்பக்கம் விழும் இடத்தையும் பென்சிலால் குறித்து, நடுவில் நிறுத்துங்கள். உயரத்துக்கும் அப்படியே. பிறகு எல்.என்.பி.யை அதன் பிடியில் மெல்லத் திருகி மீண்டும் பாருங்கள், கடைசி ஒரு டெசிபெல் பெரும்பாலும் அங்கேதான் இருக்கும். நட்டுகளை ஒன்றை முழுதாக முறுக்கிவிட்டு அடுத்ததற்குப் போகாமல், மாற்றி மாற்றிச் சிறிது சிறிதாக முறுக்குங்கள். முறுக்கும்போதே டிஷ் அரை டிகிரி நகர்ந்துவிடும். கம்பத்தை எர்த்தோடு இணைப்பதை மறக்க வேண்டாம்.

மார்ச், செப்டம்பரை ஒட்டிய சில நாட்களில் சூரியன் சரியாகச் சாட்டிலைட்டுக்குப் பின்னால் வந்து நிற்கும். தினம் சில நிமிடம், ஒரே நேரத்தில், வெயில் காயும்போதே படம் போகும். அப்போது ஸ்பேனரை எடுத்துக்கொண்டு மாடி ஏறாதீர்கள், தானாக வந்துவிடும்.